வறண்ட சீமையில் வெங்காயம்

"வெங்காயம்!" என்று ஒருவரை ஏசுவது நம் நாட்டில் வெகு நாளைய வழக்கம். உரிக்க உரிக்கத் தோலே அன்றி உள்ளே ஒன்றுமில்லை என்பது அந்த ஏச்சின் தாத்பரியம். ஆனால் ஏசுகிற அதே வாய், சாம்பாரில் சின்ன வெங்காயம் குறைந்துவிட்டால் இலையின் முன் அமர்ந்து முகம் சுளிப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2019-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் வெங்காயம் கிலோ 100 ரூபாய்க்கு மேல் ஏறி நின்றபோது, அதன் உள்ளே ஒன்றுமில்லை என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்லக் காணோம்.

விலை ஏறினால் நாம் பேசுகிறோம், பத்திரிகைகள் எழுதுகின்றன. விலை இறங்கினால் பேசுவாரில்லை. அப்போது பேச வேண்டியவர் குடியானவர் ஒருவரே. அவரோ மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய், வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஏற்றுகூலிக்கும் இறக்குகூலிக்கும் போக மிஞ்சியதை எண்ணிக்கொண்டே வீடு திரும்பிவிடுகிறார். ஏன் வந்த விலைக்குத் தள்ள வேண்டும்? ஒரு மாதம் பொறுத்து விற்கலாகாதா? இந்தக் கேள்விக்கு விடை சந்தையில் இல்லை; அவருடைய வயலின் மண்ணில் இருக்கிறது. அதைப் பற்றியே இங்கே சொல்லப் புகுந்தோம்.

சீமையின் ஸ்வபாவம்

சேலத்துக்கு வடக்கே சேர்வராயன் மலை. நாமக்கல்லுக்குக் கிழக்கே கொல்லிமலை. மேற்கிலும் தெற்கிலும் காவிரி. இவற்றுக்கு நடுவே பரந்து கிடப்பதுதான் நாம் குறிப்பிடும் சமவெளி. முன்பு ஒரே ஜில்லாவாக இருந்தது. 1997-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி நாமக்கல் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. ஜில்லா இரண்டானாலும் பூமியின் குணம் ஒன்றேதான். பெரும்பகுதி செம்மண், அங்கங்கே கரிசல், பல இடங்களில் சுண்ணாம்புக் கற்கள் கலந்த நிலம். அதன் கீழே கடும்பாறை. பாறையின் வெடிப்புகளில் தங்கிய நீர்தான் கிணற்றுக்கு வரும். 1934-ல் கட்டி முடிந்த மேட்டூர் அணை சேலம் ஜில்லாவிலேயே இருக்கிறது; ஆயினும் அதில் தேங்கும் காவிரி நீரில் பெரும்பங்கு தஞ்சைச் சீமையின் நெல்வயல்களை நோக்கிப் போய்விடுகிறது. கரையோரத்து ஊர்களும் வாய்க்கால் பாயும் ஊர்களும் நீங்கலாக, மற்ற ஊர்களுக்கு வானமும் கிணறுமே கதி.

இப்படிப்பட்ட பூமியில்தான் ராசிபுரம், புதுச்சத்திரம், எருமப்பட்டி முதலிய இடங்களைச் சுற்றிச் சின்ன வெங்காயம் விளைகிறது. காரணம் எளிது. சித்திரை வைகாசியில் ஒரு பட்டம், ஐப்பசியில் ஒரு பட்டம். நட்ட 70 நாள் முதல் 90 நாளுக்குள் வெள்ளாமை கைக்கு வந்துவிடும். கிணற்றில் இரண்டு மாதத்து நீர் இருந்தால் துணிந்து நடலாம். கரும்பைப் போல் வருஷம் முழுவதும் நீர் கேட்காது. மஞ்சளைப் போல் ஒன்பது மாதம் காத்திருக்கச் சொல்லாது. சிறு குடியானவருக்குக் கைக்கடக்கமான பயிர்.

எனினும் ஒரு சங்கடம் உண்டு. வெங்காயத்தின் வேர் மிகச் சோம்பேறி. ஆழமாக இறங்காது, மேல் மண்ணிலேயே நின்றுவிடும். பிற செடிகளின் வேரில் காணும் மெல்லிய ரோமங்களும் அதில் வெகு சொற்பம். மேல் மண் காய்ந்தால் வெங்காயமும் காயும். மேல் மண்ணில் சத்து இல்லையேல் கீழே போய்த் தேடிக்கொள்ள அதற்குத் தெரியாது. அறுவடையான வெங்காயத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஜலம் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். வறண்ட சீமையில், ஆழமற்ற வேரைக்கொண்டு, அவ்வளவு ஜலத்தைத் திரட்டி ஒரு குமிழுக்குள் அடைத்து வைக்கும் அச்செடியின் சாமர்த்தியத்தைக் கண்டு வியக்க வேண்டியதுதான். அந்தச் சாமர்த்தியம் பலிப்பதும் பலிக்காததும் மேலே உள்ள அரையடி மண்ணைப் பொறுத்தது.

ஒரு கட்டி மண்ணின் பரீட்சை

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாம் செய்து காட்டும் பரீட்சை ஒன்றை நேயர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் நீர் நிரப்பிக்கொள்ளுங்கள். வருஷக்கணக்கில் எருவே காணாத காட்டிலிருந்து உலர்ந்த மண்கட்டி ஒன்று. பல வருஷமாக மக்கிய குப்பை போட்டு வந்த கொல்லையிலிருந்து அதே அளவு உலர்ந்த கட்டி ஒன்று. இரண்டையும் மெல்ல நீரில் இறக்குங்கள். முதற்கட்டி பெரும்பாலும் சில நிமிஷத்துக்குள் கரைந்து சேறாகி அடியில் படிந்துவிடும். இரண்டாவது கட்டி குமிழி விட்டுக்கொண்டே நெடுநேரம் உருக்குலையாமல் நிற்கும்.

வயலிலும் நடப்பது இதுவே. எருவற்ற மண் முதல் மழையிலேயே கரைந்து, துவாரங்கள் அடைபட்டு, மேலே ஓடு போல் இறுகிவிடுகிறது. பெய்த மழை உள்ளே இறங்காமல் ஓடிப்போகிறது. இறங்கிய கொஞ்சமும் வெயிலில் ஆவியாகிறது. மக்கிய எரு கலந்த மண்ணோ கட்டிகளாகத் திரண்டு, இடையிடையே காற்றுக்கும் நீருக்கும் வழி விட்டு, ஈரத்தைக் கடற்பஞ்சு போல் பிடித்து வைக்கிறது. மண் பரிசோதனைச் சாலைகளில் அங்ககக் கரி 100-க்கு 0.5 பங்குக்குக் குறைந்தால் 'குறைவு' என்று எழுதுவார்கள். நம் வறண்ட செம்மண் நிலங்கள் பலவற்றுக்கு வரும் சீட்டில் அந்தச் சொல்தான் இருக்கும்.

கோயம்புத்தூரில், இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக விளங்கும் இடத்தில், 1909-ஆம் வருஷத்தில் ஒரு நிரந்தர எருப் பரீட்சையைத் தொடங்கினார்கள். ஒரு துண்டு நிலத்துக்கு எருவே இல்லை. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும். ஒன்றுக்கு மூன்று சத்தும். மற்றொன்றுக்குத் தொழு எரு. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பரீட்சை கைவிடப்படவில்லை. தழைச்சத்தை மட்டும் தின்ற மண் இளைத்துப் போயிற்று. தொழு எரு கண்ட மண் அங்ககக் கரியிலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் சக்தியிலும் மேலாக நிற்கிறது. உழுவதைக் காட்டிலும் எருவிடுவது நன்று என்று வள்ளுவர் உழவு அதிகாரத்தில் சொல்லிப் போனதற்கு, நம் காலத்தில் கிடைத்த அத்தாட்சி இது.

குடியானவர் பாஷையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெங்காயத்துக்கு வாரம் ஒரு தண்ணீர் என்பது வழக்கம். 70 நாளில் 10 தண்ணீர். எருவால் மண் ஈரம் காத்து, ஏழு நாள் இடைவெளி ஒன்பது நாளாக நீளுமானால், அதே 70 நாளுக்கு எட்டுத் தண்ணீர் போதும். மிச்சமான இரண்டு தண்ணீரும் வைகாசி மாதத்துக் கிணற்றில் இரண்டு தண்ணீர். அதன் அருமை பட்டணத்தில் குழாயைத் திருகும் நமக்கு விளங்காது. கிணற்றடியில் நின்று ஊற்றைப் பார்ப்பவருக்கே விளங்கும்.

எருவுக்கு எங்கே போவது?

"எரு செய்கிற மாதிரி இனத்தான் செய்ய மாட்டான்" என்பது பழமொழி. இனத்தானைக் கண்டுபிடிப்பது சுலபம். இக்காலத்தில் எருவைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். சின்ன வெங்காயத்துக்குப் பல்கலைக்கழகத்தார் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 25 டன் தொழு எரு. ஏக்கருக்கு ஏறக்குறைய 10 டன். ஒரு பசு நாளொன்றுக்கு 10 கிலோ சாணம் போட்டாலும், அது உலர்ந்து மக்கிய பின் வருஷத்துக்கு இரண்டு டன் தேறுவதே அதிகம். பத்து டன்னுக்கு ஐந்து உருப்படியாவது வேண்டும். உழவு மாட்டுக்குப் பதில் டிராக்டர் வந்து, தொழுவம் காலியாகிவிட்ட வீடுகளில் இது எப்படிச் சாத்தியம்?

முதல் உபாயம் ஆடு. மேச்சேரி ஆடு என்று பேர்பெற்ற செம்மறி இனம் சேலம் ஜில்லாவுக்கே உரியது. பொட்டனேரியில் அதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. அறுப்பு முடிந்த காட்டில் மந்தையை இரவு தோறும் பட்டி போட்டு அடைத்தால், புழுக்கையும் மூத்திரமும் நேரே மண்ணில் சேர்ந்துவிடும். சுமைகூலி இல்லை, சத்து வீணாவதும் குறைவு. "ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்" என்று பெரியவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. டன் ஒன்றுக்கு மாட்டுத் தொழு எருவில் 5 கிலோ தழைச்சத்து என்றால், ஆட்டெருவில் 30 கிலோ அளவுக்கு உண்டு. அது விரைவில் பயிருக்குக் கிடைக்கிறது. மாட்டெரு மெல்ல மெல்ல மக்கி மண்ணின் கட்டுக்கோப்பைத் திருத்துகிறது. மூன்று மாதத்துப் பயிரான வெங்காயத்துக்கு இரண்டு குணமும் வேண்டும்.

இரண்டாவது உபாயம் தழை. கோடை மழை ஒன்று விழுந்ததும் சணப்பையையோ கொளுஞ்சியையோ விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிட்டால், காற்றிலுள்ள தழைச்சத்தையே மண்ணில் சேர்த்ததாகும். கொளுஞ்சி வறட்சிக்கு அஞ்சாத செடி. ஆடுகூட அதை விரும்பிக் கடிக்காது. காட்டில் தானாக முளைப்பதைக் களை என்று பிடுங்கி எறிகிறோமே, அது பூமி தேவி நமக்கு இலவசமாய் அனுப்பிய உர மூட்டை!

கோழி தந்த செல்வம்

மூன்றாவது உபாயந்தான் இந்தச் சீமைக்கே உரிய விசேஷம். நாமக்கல் என்றால் ஆஞ்சநேயரும் கோட்டையும் நினைவுக்கு வந்தது ஒரு காலம். இன்று முட்டை நினைவுக்கு வருகிறது. நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் இங்கிருந்து லாரியேறுகின்றன. முட்டை ஊரை விட்டுப் போய்விடுகிறது; எச்சம் இங்கேயே தங்கிவிடுகிறது. வடக்கேயிருந்து வரும் மக்காச்சோளமும் புண்ணாக்கும் கோழியின் வயிற்றில் புகுந்து எருவாகி வெளிவருகின்றன என்றால், பிற தேசத்து மண்ணின் சத்து நம் வாசலில் வந்து குவிகிறது என்றுதான் அர்த்தம்.

கோழியெருவில் டன்னுக்கு ஏறக்குறைய 30 கிலோ தழைச்சத்தும், 26 கிலோ மணிச்சத்தும், 14 கிலோ சாம்பல்சத்தும் உண்டு. இவ்வளவு சத்தா என்று மகிழ்ந்து பச்சையாகவே வயலில் கொட்டுகிறவர்கள் உண்டு. அது பெரும்பிழை. கோழியெச்சத்தின் தழைச்சத்து அம்மோனியா ஆவியாக மாறிக் காற்றில் பறந்துபோகும். மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் உண்மையில் காசு பறக்கும் நாற்றம். மிஞ்சியது இளவேரைச் சுடும். ஈயும் நோய்க்கிருமியும் வேறு.

பின் என்ன செய்வது? கோழியெச்சத்தில் தழைச்சத்து மிதமிஞ்சி இருக்கிறது, கரிச்சத்து குறைவு. ஆகவே கரிச்சத்து மிகுந்த கழிவு எதையேனும் துணை சேர்க்க வேண்டும். பொள்ளாச்சிக்குப் போக வேண்டுவதில்லை; பரமத்தி வேலூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளின் நார்க்கழிவு, கரும்புச் சோகை, நிலக்கடலைத் தொப்பி, வைக்கோல் எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். ஓர் அடுக்கு எச்சம், ஓர் அடுக்குக் கழிவு என்று நிழலில் அம்பாரமிட்டு, கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், பிழிந்தால் சொட்டலாகாது என்ற அளவில் நீர் தெளித்து, பதினைந்து நாளுக்கொரு தடவை புரட்டிக் கொடுத்தால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் மக்கிவிடும். அம்பாரத்தின் உஷ்ணம் தணிந்து, நாற்றம் நீங்கி, மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் எரு பக்குவமாயிற்று. 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து ஸர் ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கில சாஸ்திரி வகுத்த முறையும் தத்துவத்தில் இதுவே. கழிவும் சாணமும் காற்றும் ஈரமும் சேர்ந்தால் மூன்று மாதத்தில் எருவாகும் என்று அவர் இந்தியக் குடியானவர்களிடையே வேலை செய்து கற்று உலகத்துக்குச் சொன்னார். 'இந்தூர் முறை' என்றே அதற்குப் பேர் நிலைத்தது.

இன்னொரு கணக்கையும் கவனிக்க வேண்டும். ஏக்கருக்கு 10 டன் தொழு எருவில் உள்ள தழைச்சத்து 50 கிலோ. இரண்டு டன் கோழியெருவிலேயே அதற்கு மேல் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு டன்னோடு 52 கிலோ மணிச்சத்தும் வந்து சேர்கிறது. பத்து டன் தொழு எருவில் வருவது 20 கிலோதான். வருஷந்தோறும் கோழியெருவையே போட்டு வந்தால் மணிச்சத்து மண்ணில் தேங்கும். எருவின் பருமன் குறைவாதலால் ஈரம் பிடிக்கும் நன்மையும் குறையும். ஆகையால் ஐந்து டன் தொழு எருவும் ஒரு டன் மக்கிய கோழியெருவும் கலந்து இடுவது புத்திசாலித்தனம். எருவிலுள்ள தழைச்சத்து முழுவதும் முதற்போகத்திலேயே பயிருக்குக் கிட்டாது. ஒரு பகுதி அடுத்த பட்டத்துக்கு மண்ணில் தங்கும். அது நஷ்டமல்ல, பாங்கியில் போட்ட பணம்.

கண்ணுக்குத் தெரியாத கூலியாட்கள்

இனி உயிர் உரங்களுக்கு வருவோம். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு தழைச்சத்துத்தான். எனினும் செடியால் அதை நேரே உண்ண முடியாது. சமுத்திரத்தின் நடுவே தாகத்தால் தவிப்பவனைப் போல் அதன் நிலை. அந்தச் சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும் நுண்ணுயிர்களில் ஒன்று அசோஸ்பைரில்லம். இந்த வகையை 1925-லேயே ஹாலந்து தேசத்துப் பெய்ஜரிங்க் என்ற ஆராய்ச்சியாளர் கண்டு எழுதினார். 1970-களில் பிரேஜில் தேசத்தில் ஜோஹன்னா டோபரெய்னர் என்ற பெண்மணி புல்வகைகளின் வேரோடு இது கொண்டுள்ள உறவை விளக்கிக் காட்டிய பிறகே உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. தழைச்சத்தைத் தருவதோடு, வேர் கிளைத்து வளரத் தூண்டும் வஸ்துக்களையும் இது சுரக்கிறது. சோம்பேறி வேரையுடைய வெங்காயத்துக்கு இந்த இரண்டாவது உபகாரமே பெரிதென்று நமக்குத் தோன்றுகிறது.

பாஸ்போபாக்டீரியா என்பது இரண்டாவது கூலியாள். நம் சுண்ணாம்பு நிலங்களில் மணிச்சத்து இல்லாமலில்லை; சுண்ணாம்போடு பிணைந்து சிறைப்பட்டுக் கிடக்கிறது. இந்த நுண்ணுயிர் சுரக்கும் அமிலம் அந்த விலங்கை அவிழ்க்கிறது. மூன்றாமவர் வேர்ப் பூஞ்சணம். வேருக்குள்ளே பாதியும் வெளியே பாதியுமாக வாழ்ந்து, நூலினும் மெல்லிய இழைகளை மண்ணில் ஓடவிட்டு, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் கொணர்ந்து கொடுக்கும். வேர் ரோமம் குறைந்த வெங்காயம் இதை அண்டி வாழ்வதில் முதன்மையான பயிர்களுள் ஒன்று. மண்ணில் மணிச்சத்து தேங்கிவிட்டால் இந்தப் பூஞ்சணத்தின் உறவைச் செடி விட்டுவிடும். கோழியெருவை அளவோடு இடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடும் முறை எளிது. ஹெக்டேருக்கு அசோஸ்பைரில்லம் 2 கிலோ, பாஸ்போபாக்டீரியா 2 கிலோ. ஏக்கருக்கு 200 கிராம் பொட்டலம் ஒவ்வொன்றிலும் நான்கு. இவற்றை ஏக்கர் ஒன்றுக்குப் பத்துப் பத்துக் கிலோ மக்கிய தொழு எருவோடும் மண்ணோடும் கலந்து, நடுவதற்கு முன் ஈரமான நிலத்தில் தூவிக் கொத்திவிட வேண்டும். பார்கள் ஒன்றரை அடி இடைவெளி. பாரின் இரு சரிவிலும் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக விதை வெங்காயம். ஏக்கருக்கு ஏறக்குறைய 400 கிலோ விதை செல்லும். நடுமுன் விதை வெங்காயத்தில் கிலோவுக்கு 5 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை தரும் பூஞ்சணத்தைப் பூசினால், அடியழுகல் நோய்க்குத் தொடக்கத்திலேயே தடை போட்டதாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 'பொட்டலம் வாங்கிப் போட்டோம். ஒன்றும் பலனில்லை' என்று சொல்லும் குடியானவர்கள் பலர். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. பொட்டலத்துக்குள் இருப்பது மருந்தல்ல, உயிர். கடையின் தகரக் கூரையடியில் வெந்து கிடந்தால் அது செத்துப்போம். காலாவதித் தேதி கடந்தால் வெறும் கரித்தூள்தான். ரசாயன உரத்தோடோ பூஞ்சணக் கொல்லியோடோ சேர்த்துக் கலந்தால் கையாலேயே கொன்றதாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, உயிர் என்றால் அதற்குச் சோறு வேண்டும், நிழல் வேண்டும், ஈரம் வேண்டும். எருவற்ற, வெயிலில் வெந்த மண்ணில் கொண்டு விட்டால், கூலியாட்களைப் பட்டினி போட்டுவிட்டு வேலை நடக்கவில்லை என்று குறை கூறுவதற்கு ஒப்பாகும். அசோஸ்பைரில்லம் ஹெக்டேருக்கு 20 முதல் 40 கிலோ தழைச்சத்து வரை தரும் என்பார்கள். வறண்ட சீமையில் கீழெல்லையை எதிர்பார்ப்பதே விவேகம். எரு முதலில், பொட்டலம் பிறகு. இந்த வரிசை மாறினால் காசுக்கு நஷ்டம்.

இரண்டு பாடங்கள்

நம்மவர் வாழும் யாழ்ப்பாணத்திலும் ஆறு கிடையாது, கிணறுதான். செம்மண்ணில் சின்ன வெங்காயமே அங்கும் பேர்பெற்ற பயிர். பனையோலையைத் தோட்டத்தில் புதைத்து எருவாக்குவது அவர்கள் முன்னோர் கண்ட வழி. பிற்காலத்தில் ரசாயன உரத்தை மிதமிஞ்சிக் கொட்டியதில் ஒரு பகுதி நீரோடு இறங்கி, சுண்ணாம்புக்கல் வழியே கிணறுகளில் நைட்ரேட் உப்பாகச் சேர்ந்தது. வயலுக்கு இறைத்த கிணறே குடிநீர்க் கிணறும் ஆகையால், 1980-கள் முதலே ஆராய்ச்சியாளர் எச்சரித்து வருகின்றனர். பயிருக்கு இட்டது பயிரிலேயே நிற்பதில்லை என்பது முதற்பாடம்.

அதே தீவில் 2021-ஆம் வருஷம் நேர்ந்தது இரண்டாவது பாடம். அவ்வருஷம் ஏப்ரல் மாதம் இலங்கை சர்க்கார் ரசாயன உரம் தேசத்துக்குள் வருவதையே தடுத்துவிட்டது. மண்ணைப் பழக்க அவகாசமில்லை; போதிய எருவும் தயாராக இல்லை. நெல்லும் தேயிலையும் படுத்துப்போயின. நவம்பருக்குள் தடையை நீக்க வேண்டியதாயிற்று. எருவின் பேரில் குற்றமில்லை. அவசரத்தின் பேரில் குற்றம். எனவே நம் குடியானவரிடம் இன்றே மூட்டையைத் தூக்கி எறியச் சொல்வது தர்மமாகாது. பல்கலைக்கழகத்தார் சொல்லும் முறையிலும் எருவும் உயிர் உரமும் ரசாயன உரமும் சேர்ந்தே இருக்கின்றன. எரு ஏற ஏற, மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து, வருஷத்துக்குக் கொஞ்சமாக மூட்டையைக் குறைத்துக்கொண்டு வருவதே நிதானமான வழி. சாம்பல்சத்து உரம் ஏறக்குறைய முழுவதும் கடல் கடந்தே நம் தேசத்துக்கு வருகிறது. கப்பல் வரத் தாமதித்தால் கலங்காமல் நிற்கும் குடியானவர், குப்பைமேட்டைக் காத்து வைத்தவரே.

பட்டறையில் உறங்கும் வெங்காயம்

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். ஒரு மாதம் பொறுத்து விற்கலாகாதா?

வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காப்பது இப்பக்கத்து வழக்கம். தரையிலிருந்து உயர்த்தி, அடியிலும் பக்கங்களிலும் காற்றோடும்படி படல் கட்டி, மேலே கீற்று வேய்ந்து, தாளோடு உலர்த்திய வெங்காயத்தை அதில் நிரப்பி வைப்பார்கள். நன்கு முற்றி உலர்ந்த வெங்காயம் மூன்று நான்கு மாதம் அங்கே உறங்கும். விலை படுத்தபோது உள்ளே இருந்து, எழுந்தபோது வெளியே வரும். அடுத்த பட்டத்துக்கு விதையும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். சின்ன வெங்காயத்தில் பெரும்பாலான ரகங்கள் விதை பிடிப்பதில்லை; காயையே நட்டுக் காயாகப் பெருக்க வேண்டியிருக்கிறது. பட்டறை அழுகினால் இன்றைய வரவும் போயிற்று. நாளைய விதையும் போயிற்று.

எந்த வெங்காயம் அழுகுகிறது? கடைசி நாட்களில் யூரியாவைக் கொட்டி, பச்சைப் பசேலென்று தழைக்க வைத்து, அவசரமாய்ப் பருக்க வைத்த வெங்காயம். அதன் கழுத்து தடித்திருக்கும், சரியாக உலராது, அவ்வழியே பூஞ்சணம் புகும். பார்வைக்குப் பெரிது, எடைக்கு லாபம், ஆனால் பொறுக்காது. விளைவித்தவர் உடனே விற்றாக வேண்டும். எல்லோரும் உடனே விற்றால் விலை விழுந்தாக வேண்டும். எருவில் நிதானமாக விளைந்து, கடைசிப் பத்து நாள் தண்ணீர் நிறுத்தி, தாள் சாய்ந்த பின் பிடுங்கி உலர்த்திய வெங்காயமோ கழுத்து மெலிந்து, தோல் இறுகி, காரம் குறையாமல் பட்டறையில் கிடக்கும். எரு தருவது ஏக்கருக்கு இரண்டு மூட்டை அதிகம் என்று மட்டும் எண்ணலாகாது. மழை தள்ளிப்போனால் ஒரு வாரம் பொறுக்கும் மண்ணையும், விலை தள்ளிப்போனால் ஒரு மாதம் பொறுக்கும் விளைச்சலையும் அது தருகிறது. கடன்காரனுக்கும் தரகனுக்கும் முன்னால் பொறுக்க முடிந்தவனே சுதந்திரன்.

நம் பங்கு

இதில் பட்டணத்துக் குடும்பங்களுக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். மூன்று காரியங்கள் உண்டு. முதலாவது, கடையில் வெங்காயம் வாங்கும்போது பளபளப்பையும் பருமனையும் பார்த்து மயங்காமல், கழுத்து மெலிந்து, சருகு உலர்ந்து, கையில் கெட்டியாக இருப்பதைப் பொறுக்கி, ஒரு ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுத்து வாங்குவது. நாம் எதை வாங்குகிறோமோ அதையே அவர்கள் விளைவிப்பார்கள். இரண்டாவது, அடுப்பங்கரைக் கழிவைக் கண்ணாடிச் சில்லோடும் பிளாஸ்டிக் பையோடும் கலந்து தெருவில் கொட்டாமல் தனியே பிரித்துக் கொடுப்பது. நம் வீட்டுக் காய்கறித் தோல், ஏதோ ஒரு காட்டிலிருந்து வந்த சத்து. கலப்பில்லாமல் மக்கினால் அது மீண்டும் காட்டுக்குப் போக வழியுண்டு. கொல்லையோ மொட்டை மாடியோ உள்ளவர்கள் அந்தக் குப்பையில் ஒரு தொட்டி வெங்காயமாவது நட்டுப் பார்க்கட்டும். ஒரு காய் ஆறேழாகப் பிரிவதைக் குழந்தைகள் கண்ணால் கண்டால் பாட புத்தகம் சொல்லாத பாடத்தை மண் சொல்லும்.

மூன்றாவது, படித்த பிள்ளைகள் சேலத்திலும் நாமக்கல்லிலும் ஏராளமாக இருக்கிறார்கள். சந்தியூரிலும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. மண்ணைப் பரிசோதித்துக் கொடுக்கவும் முறையைக் கற்றுக்கொடுக்கவும் அங்கே ஆட்கள் உண்டு. கிராமத்தில் உள்ள சிறிய தகப்பனாரின் காட்டிலிருந்து ஒரு பிடி மண்ணைப் பொட்டலம் கட்டி அங்கே கொண்டு போய்க் கொடுத்து, வரும் சீட்டை அவருக்கு வாசித்துச் சொல்வதற்குப் பட்டம் பெற்ற பிள்ளைக்கு அரை நாள் ஆகுமா? அந்த அரை நாளை இந்த வருஷத்து ஐப்பசிப் பட்டத்துக்கு முன்பே கொடுத்துவிட்டால், எருவை அம்பாரமிட மூன்று மாத அவகாசமும் கிடைக்கும்.